மெய்நிகர் கணினிகளின் காப்புப் பிரதிகள்: வகைகளும் வைப்புக் காலமும்

அலுவலக ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்கலாம் என்பதற்குக் கால அட்டவணை ஒன்று இருப்பதைக் களப்பணியாளர் யாவரும் அறிவர். மத்திய அரசைச் சார்ந்த அலுவலகங்கள் விதித்த முறையிலன்றி எந்த ஆவணத்தையும் அழித்தலாகாது என்று 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் கூறுகிறது. கணினியில் உண்டாக்கப்படுவனவும் ஆவணங்களே என்பது அச்சட்டத்தின் விளக்கம். ஆனால், காகிதக் கோப்பு கெடுவதற்கும் கணினியிலுள்ள பதிவு கெடுவதற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. கரையான் அரித்த கோப்பில் சில பக்கங்களாவது எஞ்சும். கணினி வட்டில் நேரும் சேதமோ பல்லாயிரம் பதிவுகளை ஒரு நொடியில் இல்லாமற் செய்துவிடக் கூடும். அன்றி, எவரும் அறியாத வகையில் பல வாரங்கள் மறைந்திருக்கவும் கூடும்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி புது டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணினிகள் இத்தகையதொரு தாக்குதலுக்கு உள்ளாயின. 5 செர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட்டுத் தகவல்கள், திறவுகோல் இன்றிப் படிக்க இயலாதவாறு பகைவரால் பூட்டப்பட்டன. நோயாளிகளைப் பதிவு செய்தல் முதலிய பணிகள் பல நாட்கள் காகிதத்திலும் கையெழுத்திலுமே நடைபெற்றன. தாக்குதலுக்கு உட்படாமல் தப்பிய காப்புச் செர்வர் ஒன்றிலிருந்து மருத்துவமனைத் தகவல்கள் மீட்கப்பட்டுப் புதிய செர்வர்களில் ஏற்றப்பட்டன என்று அரசு பின்னர்ப் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. அந்தக் காப்புச் செர்வரும் பூட்டப்பட்டிருந்தால் நிலைமை யாதாகியிருக்கும் என்பதை வாசகர்கள் தாமே ஊகித்துக் கொள்ளலாம்.

இன்று மாவட்ட அலுவலகங்களிலும், கல்லூரிகளிலும், பள்ளிகளிலும் ஒரே செர்வரில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் வழக்கம் பரவி வருகிறது. அவற்றைக் காக்கும் பொறுப்பு, வேறு பல வேலைகளையுடைய ஓர் ஆசிரியரிடமோ களப்பணியாளரிடமோ வந்து சேர்கிறது. அவர் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு. காப்புப் பிரதியை எவ்வகையில் எடுப்பது? எடுத்த பிரதியை எத்தனை காலம் வைத்திருப்பது? முதற்கேள்விக்குக் கவனம் செலுத்துவோரிற் பலர் இரண்டாவதைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஆபத்து நேரும்போது நம்மைக் கைவிடுவது பெரும்பாலும் இரண்டாவதே.

மெய்நிகர் கணினி யாது?

ஓர் உண்மைக் கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, தனித்தனிக் கணினிகள் பல இருப்பதுபோல் இயங்கச் செய்யும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அவ்வாறு தோன்றும் ஒவ்வொன்றும் மெய்நிகர் கணினியாகும். இம்முறை புதிதன்று. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் விஞ்ஞான நிலையத்தில் 1960-களிலேயே இது உருவாயிற்று. 1972-இல் அந்நிறுவனம் வி.எம்./370 என்னும் பெயரால் இதனை வெளியிட்டது.

நம் நோக்கிற்கு முக்கியமான பண்பு ஒன்று உண்டு. மெய்நிகர் கணினியின் வட்டு, உண்மையில் செர்வரிலுள்ள ஒரு பெரிய கோப்பே, அல்லது அதனையொத்த ஒரு பகுதியே ஆகும். ஆகையால், உள்ளேயிருக்கும் இயக்க முறைமை, மென்பொருள், பதிவுகள் ஆகிய யாவற்றையும் ஒருசேரப் பிரதி எடுக்கவும், வேறொரு செர்வரில் அப்படியே எழுப்பவும் இயலும். பழைய முறையில் பழுதான கணினிக்கு ஒவ்வொரு மென்பொருளையும் மீண்டும் நிறுவ வேண்டியிருந்த சிரமம் இதில் இல்லை.

இயங்கும் கணினியைப் பிரதி எடுத்தல்

கணினியை நிறுத்திவிட்டுப் பிரதி எடுப்பதே எல்லாவற்றிலும் ஐயமற்ற வழி. ஆனால் அலுவலக நேரத்தில் அதனை நிறுத்த இயலாது. இயங்கிக்கொண்டிருக்கும்போதே பிரதி எடுக்கையில், தொடக்கத்திலிருந்த நிலை ஒன்றாகவும் முடிவிலிருந்த நிலை வேறாகவும் கலந்துவிடும் அபாயம் உண்டு. பேரேட்டின் முதற்பக்கத்தைக் காலையிலும் கடைசிப் பக்கத்தை மாலையிலும் நகல் செய்தால் கூட்டுத்தொகை ஒத்துவராததைப் போன்றது இது.

இதனைத் தவிர்க்கும் முறையை, ஆஸ்திரியாவின் வியன்னா நகரிலிருந்து வெளிவரும் புராக்ஸ்மாக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைக்கொண்டு விளக்கலாம். உரிமக் கட்டணம் இன்றி இயக்கக் கூடியதாதலால் கல்வி நிலையங்கள் பல இதனை உபயோகிக்கின்றன. பிரதி எடுக்கத் தொடங்கிய கணத்தின் நிலையையே இது பிடித்து வைக்கிறது. இன்னும் பிரதி எடுக்கப்படாத பகுதியில் மெய்நிகர் கணினி எதையேனும் எழுத முற்பட்டால், அங்கிருந்த பழைய உள்ளடக்கம் முதலில் பிரதிக்கு அனுப்பப்படும். பின்னரே புதியது எழுதப்படும். அன்றியும், மெய்நிகர் கணினிக்குள் கெஸ்ட் ஏஜென்ட் என்னும் சிறு மென்பொருளை நிறுவினால், பிரதி தொடங்கும் கணத்தில் அது நினைவகத்தில் எஞ்சியுள்ள எழுத்துக்களை வட்டில் பதித்து, கோப்பு முறைமையைச் சிறிது நேரம் அசையாமல் நிறுத்திவைக்கும். இதனை நிறுவாதபோது கிடைக்கும் பிரதி, திடீரென மின்சாரம் நின்றுபோன கணினியின் வட்டை ஒத்திருக்கும். பெரும்பாலும் அது மீண்டும் எழும். ஆனால் உறுதி கூற இயலாது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். ஸ்நாப்ஷாட் எனப்படும் கணநிலைப் பதிவு காப்புப் பிரதி ஆகாது. மென்பொருளைப் புதுப்பிக்குமுன் ஒரு கணநிலைப் பதிவு எடுத்துவைப்பது நன்றே. தவறு நேர்ந்தால் உடனே பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது மூல வட்டு இருக்கும் இடத்திலேயே இருந்து, அதனையே சார்ந்து நிற்பது. அவ்வட்டுப் பழுதானால் இரண்டும் ஒருங்கே அழியும்.

பிரதிகளின் மூவகை

முழு வட்டையும் ஒவ்வொரு முறையும் எடுப்பது முழுப் பிரதி. முந்தைய பிரதிக்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுப்பது தொடர் மாற்றப் பிரதி. இதனையே இன்கிரிமென்டல் என்பர். கடைசி முழுப் பிரதிக்குப் பின் மாறிய யாவற்றையும் ஒவ்வொரு முறையும் திரட்டி எடுப்பது திரள் மாற்றப் பிரதி. இதற்கு டிஃபரென்ஷியல் என்று பெயர்.

ஓர் உதாரணத்தால் இவற்றின் வேற்றுமை விளங்கும். ஒரு மெய்நிகர் கணினியின் வட்டில் 100 கிகாபைட்டுத் தகவல் இருப்பதாகவும், நாள்தோறும் 5 கிகாபைட்டு, ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பகுதிகளில், மாறுவதாகவும் கொள்வோம். நாள்தோறும் முழுப் பிரதி எடுத்தால் ஒரு வாரத்துக்கு 700 கிகாபைட்டு இடம் தேவை. ஞாயிறன்று முழுப் பிரதியும் மற்ற ஆறு நாட்களில் தொடர் மாற்றப் பிரதியும் எடுத்தால் 130 கிகாபைட்டுப் போதும். அதே ஆறு நாட்களில் திரள் மாற்றப் பிரதி எடுத்தால் அவை 5, 10, 15 என வளர்ந்து 30 வரை சென்று, முழுப் பிரதியுடன் சேர்ந்து 205 கிகாபைட்டு ஆகும்.

இடத்தை மட்டும் நோக்கினால் தொடர் மாற்றப் பிரதியே சிறந்தது. ஆனால் சனிக்கிழமை நிலையை மீட்க, முழுப் பிரதி முறையில் ஒரு பிரதியும், திரள் மாற்ற முறையில் இரண்டும், தொடர் மாற்ற முறையில் ஏழும் வேண்டும். அந்த ஏழில் புதன்கிழமைப் பிரதி கெட்டுப்போயிருந்தால், புதன் முதல் சனி வரையுள்ள நான்கு நாட்களின் நிலையும் மீளாது. மற்ற இரு முறைகளிலும் அப்புதன் ஒன்றே நஷ்டமாகும்.

சங்கிலியாக அமைந்த பிரதிகளுக்கு வைப்புக் காலம் வகுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. “கடந்த 7 நாட்களில் எந்நாளுக்கும் திரும்ப வேண்டும்” என்று விதித்துக்கொண்டால் 7 பிரதிகள் போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டாம் வாரப் புதன்கிழமையன்று முதல் வார வியாழக்கிழமைக்குத் திரும்ப வேண்டுமெனில், முதல் ஞாயிற்றின் முழுப் பிரதியும் அதன்பின் வந்தவையும் இன்னும் இருக்க வேண்டும். ஆதலின், முதல் வாரச் சங்கிலியை இரண்டாம் வாரச் சனிக்கிழமைப் பிரதி முடிந்த பின்னரே நீக்கலாம். அப்பொழுது கையிலிருப்பவை 14 பிரதிகள். தேவைப்படும் இடமும் 260 கிகாபைட்டு ஆகும். இதனைக் கணக்கிடாமல் வட்டு வாங்கியவர், வட்டு நிரம்பி, பிரதி எடுப்பது தானே நின்றுபோன பின்னரே காரணத்தை ஆராய்வார்.

இச்சிக்கலை நீக்கும் புதிய முறையும் இப்போது வழக்கில் உள்ளது. புராக்ஸ்மாக்ஸின் காப்புச் செர்வர், மெய்நிகர் வட்டை 4 மெபிபைட்டு அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கிறது. 100 கிபிபைட்டு வட்டில் 25,600 துண்டுகள் உண்டு. ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் கைரேகை போன்றதோர் அடையாள எண் கணிக்கப்படும். அவ்வெண்ணையுடைய துண்டு முன்பே சேமிக்கப்பட்டிருந்தால் அது மீண்டும் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு நாளின் பிரதியும், தனக்குரிய துண்டுகளின் பட்டியலே ஆகும். ஆகவே மாறிய துண்டுகள் மட்டுமே புதிதாகச் சேர்ந்தாலும், எந்நாளின் பிரதியும் முழுப் பிரதியைப் போல் தனித்து மீட்கத்தக்கது. எதனை நீக்கினும் மற்றவை கெடுவதில்லை. எனினும் ஒரே துண்டைப் பல பிரதிகள் பகிர்ந்துகொள்வதால், வட்டின் பழுதால் அத்துண்டு கெட்டால் அப்பிரதிகள் யாவும் ஊனமுறும். எனவே, சேமித்த துண்டுகளின் அடையாள எண்களைக் குறித்த காலங்களில் மீண்டும் கணித்துச் சரிபார்க்கும் ஏற்பாடு இம்முறையில் இன்றியமையாதது.

எத்தனை காலம் வைத்திருப்பது?

பிரதி எடுக்கும் இடைவெளி, நாம் எவ்வளவு வேலையை இழக்கத் தயாராக இருக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. இரவுதோறும் எடுத்தால் ஒரு பகலின் வேலை போகலாம். வைப்புக் காலமோ வேறொன்றைத் தீர்மானிக்கிறது. அதாவது, ஒரு தவறு எவ்வளவு தாமதமாக வெளிப்பட்டாலும் நாம் அதிலிருந்து மீள முடியும் என்பதை.

ஒரு கல்லூரியின் மதிப்பெண் பதிவேட்டில், ஜூலை மாதத் தொடக்கத்தில் கொடுத்த தவறான கட்டளை ஒன்றால் ஒரு பாடத்தின் மதிப்பெண்கள் மாறிவிட்டன எனக் கொள்வோம். செப்டம்பரில் சான்றிதழ் அச்சிடும்போதுதான் அது தெரியவருகிறது. அக்கல்லூரி 7 நாட்களின் பிரதிகளை மட்டுமே வைத்திருக்குமாயின் அந்த ஏழும் பிழையுடைய பதிவேட்டையே கொண்டிருக்கும். பிரதிகள் நாள்தோறும் தவறாமல் எடுக்கப்பட்டன; செர்வர் ஒருநாளும் குறை கூறவில்லை; ஆயினும் மாணவர்களின் மதிப்பெண்கள் மீளவில்லை. செர்வருக்குள் நுழைந்த பகைவர் உடனே வெளிப்படாமல் சில வாரங்கள் காத்திருந்து பின்னர்த் தாக்கும்போதும் இதே நிலை நேரும்.

ஆகையால் அடிப்படை விதி இது: தவறு நேர்வதற்கும் அது அறியப்படுவதற்கும் இடையே கழியக்கூடிய காலத்தைவிட வைப்புக் காலம் நீண்டிருக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை மட்டுமே திறந்து பார்க்கப்படும் பதிவேட்டுக்கு ஓராண்டுக்கு மேற்பட்ட பிரதி வேண்டும். நாள்தோறும் பலர் பார்வையிடும் பதிவேட்டுக்கு அவ்வளவு தேவைப்படாமலிருக்கலாம்.

இதற்காக எல்லா நாட்களின் பிரதிகளையும் வைத்திருக்க வேண்டுவதில்லை. அண்மைக் காலத்துக்கு நெருக்கமாகவும், பழைய காலத்துக்கு இடைவெளி விட்டும் பிரதிகளை வைத்திருப்பதே வழக்கம். 7 நாட்பிரதிகள், 4 வாரப் பிரதிகள், 6 மாதப் பிரதிகள் என்று புராக்ஸ்மாக்ஸில் விதித்தால், முதலில் அண்மை 7 நாட்களுக்கு நாள் ஒன்றுக்குக் கடைசிப் பிரதி வைக்கப்படும். அவற்றால் அடங்காத முந்தைய 4 வாரங்களுக்கு வாரம் ஒன்றும், அவற்றுக்கும் முந்தைய 6 மாதங்களுக்கு மாதம் ஒன்றும் வைக்கப்படும். ஆக 17 பிரதிகளைக்கொண்டு ஏறத்தாழ 7 மாதங்கள் பின்னோக்கிச் செல்லலாம். நாள் ஒன்றாக 17 பிரதிகளை வைத்திருந்தால் 17 நாட்களே செல்ல முடியும்.

விதியை எழுதும்போது ஓர் எச்சரிக்கை. “30 நாட்களுக்கு மேற்பட்டதை அழி” என்று வயதைக்கொண்டு விதிப்பதற்கும், “கடைசி 30 பிரதிகளை வை” என்று எண்ணிக்கையைக்கொண்டு விதிப்பதற்கும் வேற்றுமை பெரிது. ஏதோ காரணத்தால் பிரதி எடுப்பது நின்றுபோய், ஒரு மாதம் எவரும் கவனிக்கவில்லை எனக் கொள்வோம். வயது விதி நல்ல பிரதிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்து, இறுதியில் ஒன்றும் இல்லாமற் செய்துவிடும். எண்ணிக்கை விதியில் புதியது வராதவரை பழையது போகாது. மேற்கூறிய புராக்ஸ்மாக்ஸ் விதியும் பிரதி உள்ள நாட்களை மட்டுமே எண்ணுவதால் இவ்வகையில் அபாயமற்றது. வயது விதியே அமைந்த மென்பொருளாயின், குறைந்தது இத்தனை பிரதிகள் எப்போதும் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையையும் சேர்த்தல் வேண்டும்.

வைப்புக் காலத்துக்கு மேல் எல்லையும் உண்டு. 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், வேறு சட்டம் வேண்டினாலன்றி, நோக்கம் நிறைவேறிய பின் தனிநபர் தகவலை நீக்க வேண்டும் என வகுத்துள்ளது. மறுபுறம், கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட கட்டளை, கணினிகளின் நிகழ்வுக் குறிப்புகளை 180 நாட்கள் வைத்திருக்கக் கோருகிறது. மேலும், நெடுங்கால ஆவணக் காப்பும் காப்புப் பிரதியும் ஒன்றல்ல. பத்தாண்டு காக்க வேண்டிய ஆவணத்தை ஆவணமாகவே தனியே சேமித்து, பட்டியலிட்டு வைக்க வேண்டும். பழைய மெய்நிகர் வட்டுக்குள் அது எங்கேனும் இருக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது.

பிரதி இருக்கும் இடம்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தகவல் நிலையத்தில் மின்கல அடுக்கில் தீப்பற்றியது. அரசு ஊழியர் தம் வேலைக் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் முறையும், அதிலிருந்த 858 டெராபைட்டுத் தகவல்களும் எரிந்தொழிந்தன. வேறிடத்தில் அதற்குப் பிரதி இல்லை. மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேறிடத்தில் என்னும் பழகிய விதி எத்துணை அவசியம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இடம் வேறாயிருப்பதுடன் அதிகாரமும் வேறாயிருக்க வேண்டும். மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் அதே கடவுச்சொல்லால் காப்புப் பிரதிகளையும் அழிக்க இயலுமானால், அக்கடவுச்சொல்லைத் திருடியவர் இரண்டையும் அழிப்பார். பிரதியைச் சேர்க்கும் உரிமை மட்டும் செர்வருக்கு இருக்கட்டும். நீக்கும் உரிமை காப்புச் செர்வரிடமே இருக்கட்டும். மாதம் ஒருமுறை பிரதி எடுத்துக் கழற்றி, பூட்டிய அலமாரியில் வைக்கப்படும் வெளிவட்டும் சிறிய நிலையத்துக்கு நல்ல பாதுகாப்பே.

மீட்டுப் பார்த்தல்

மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதியென்று கணக்கிடலாகாது. 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் என்னும் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக முக்கியத் தகவல் தளத்தை அழித்துவிட்டார். அந்நிறுவனம் பலவகைக் காப்பு ஏற்பாடுகளைச் செய்திருந்தது. ஆயினும் நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய பிரதி, மென்பொருட் பதிப்புகள் ஒவ்வாமையால் எடுக்கப்படவே இல்லை. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் சென்று சேரவில்லை. 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக ஓர் ஊழியர் எடுத்துவைத்த கணநிலைப் பதிவே இறுதியில் கைகொடுத்தது. நிறுவனம் இவற்றைத் தானே வெளிப்படையாக அறிவித்தமையால் உலகினர் யாவரும் பாடம் கற்றுக்கொள்ள இயன்றது.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் ஒரு மெய்நிகர் கணினியைப் பிரதியிலிருந்து எழுப்பிப் பார்த்தல் வேண்டும். அப்போது அதன் வலையமைப்பு இணைப்பைத் துண்டித்துவிடுவது அவசியம். இல்லையேல் ஒரே முகவரியுடைய இரு கணினிகள் மோதும். எழுந்த கணினியில் அண்மைப் பதிவு ஒன்றையும் பழைய பதிவு ஒன்றையும் தேடிப் பார்த்து, மீட்க எடுத்த நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். 100 கிகாபைட்டை நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் கொண்டுவர ஏறத்தாழ 13 நிமிடங்கள் போதும். 100 மெகாபிட் இணைப்பில் 2 மணி 13 நிமிடங்களும், 10 மெகாபிட் இணைப்பில் 22 மணி நேரமும் ஆகும். தொலைவிலுள்ள பிரதியை மட்டும் நம்பும் கிராமப்புற நிலையம் இக்கணக்கை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

வகுப்பறையில் விளக்குதல்

ஆசிரியர்கள் கணினி இன்றியே இதனைச் செய்து காட்டலாம். கரும்பலகையில் 20 கட்டங்கள் வரைந்து ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை எழுதுக. மூன்று மாணவர்களும் முதலில் யாவற்றையும் நகல் செய்துகொள்ளட்டும். பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் இரு கட்டங்களை மாற்றுக. முதல் மாணவர் ஒவ்வொரு சுற்றிலும் 20 கட்டங்களையும், இரண்டாமவர் அச்சுற்றில் மாறியவற்றை மட்டும், மூன்றாமவர் தொடக்கம் முதல் மாறிய யாவற்றையும் தனித்தனித் தாள்களில் எழுதட்டும். ஐந்து சுற்றுக்குப் பின் பலகையை அழித்து, தத்தம் தாள்களைக்கொண்டு மீண்டும் எழுதச் சொல்க. அடுத்து, மூவரிடமிருந்தும் மூன்றாம் சுற்றுத் தாளைக் கிழித்துவிட்டு, மீண்டும் முயலச் செய்க. எவருக்கு இடர்ப்பாடு நேர்கிறது என்பதை மாணவர்கள் கண்ணாற் காண்பர்.

நிலையப் பொறுப்பாளர், தம் மெய்நிகர் கணினிகளை ஒரு தாளில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு குறிப்புகளை எழுதிவைக்கலாம்: எத்தனை மணி நேர வேலையை இழக்கலாம், தவறு தெரியவர அதிகபட்சம் எத்தனை நாள் ஆகும், வேறிடப் பிரதி எங்கே உள்ளது, கடைசியாக மீட்டுப் பார்த்த தேதி எது. மாணவர் பயிற்சிக்கென வைத்த கணினிக்கு இவற்றில் எதுவும் வேண்டாமலிருக்கலாம். மதிப்பெண் பதிவேட்டுக்கும், நோயாளர் பதிவேட்டுக்கும், நிலப் பதிவேட்டுக்கும் நான்கும் வேண்டும். அத்தாளையும் அச்சிட்டு, செர்வருக்கு வெளியே வைத்திருக்க வேண்டும்.